குழாய்ச் சட்டகத்தில் பெரிய ஆர்சி பக்கி கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய அளவு பக்கி என்று எதைச் சொல்கிறோம்?

பக்கி என்பது மேடுபள்ளமான நிலத்தில் ஓட்டும் திறந்த கூண்டு வண்டி. உண்மையான வண்டியின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் அதற்கு மேலும் உள்ள ரேடியோ கட்டுப்பாட்டு (ஆர்சி) வண்டிகளையே பெரிய அளவு என்று குறிப்பிடுவது வழக்கம். ஐந்தில் ஒரு பங்கு பக்கியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 550 முதல் 600 மி.மீ. வரையிலும், அகலம் 450 முதல் 500 மி.மீ. வரையிலும், எடை 10 முதல் 15 கி.கி. வரையிலும் இருக்கும். நான்கில் ஒரு பங்கு அளவுக்குப் போனால் எடை எளிதாக 20 கி.கி.யைத் தாண்டிவிடும். முழுதாகக் கட்டி விற்கப்படும் எச்பிஐ பாஹா 5பி, லோசி டிபிஎக்ஸ்எல் போன்ற வண்டிகளில் சுமையைத் தாங்குவது அடியில் இருக்கும் அலுமினியத் தகடு. மேலே தெரியும் கூண்டு பிளாஸ்டிக்கால் வார்க்கப்பட்டது. இங்கே பேசப்போகும் பக்கியில் கூண்டுதான் சட்டகம். சக்கரத்தில் விழும் ஒவ்வோர் அடியும் குழாய்கள் வழியாகவே ஓடி அடங்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பெரும்பாலான பதில்களுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்? சட்டகத்தை முதலில் வரையலாமா?

கூடாது. பலரும் ஒரு பாலைவனப் பந்தய வண்டியின் படத்தைப் பார்த்து அதன் கூண்டை முதலில் வரைந்து, வளைத்து, பற்றவைத்துவிட்டு, அதற்குள் டிஃபரன்ஷியலையும் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர் தொகுதி) ஷாக்கையும் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எப்படி நுழைப்பது என்று பிறகு யோசிக்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். டயர், சக்கரம், அச்சு முனை, டிஃபரன்ஷியல் பெட்டி, டிரைவ் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், இன்ஜின் அல்லது மோட்டார், சர்வோ (ரேடியோ கட்டளைப்படி ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) ஆகிய அனைத்தையும் முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தட்டையான மேசையில் அவை நிற்கவேண்டிய இடத்தில் கட்டைகளால் தாங்கி நிறுத்துங்கள். சஸ்பென்ஷன் கைகள் பிணையும் புள்ளிகள், ஷாக்கின் மேல் முனை, கியர் பெட்டியின் போல்ட் துளைகள் ஆகியவை வெளியில் எங்கே அமைகின்றன என்பதை அளந்து, முழு அளவில் ஒரு தாளில் குறியுங்கள். சட்டகம் என்பது அந்தப் புள்ளிகளை ஒன்றோடொன்று மிகக் குறுகிய, மிக நேரான வழியில் இணைக்கும் அமைப்பு மட்டுமே. அழகு அதற்குப் பிறகு வருகிறது. புள்ளிகள் சரியாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே வருகிறது.

எல்லாப் பாகங்களையும் நாமே செய்ய வேண்டுமா?

தேவையில்லை, அதை நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். சுருள் பல் கொண்ட டிஃபரன்ஷியல் கியர்கள், கடினமாக்கப்பட்ட டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள், பேரிங்குகள், டயர்கள் ஆகியவற்றை ஐந்தில் ஒரு பங்கு வண்டிகளின் உதிரிப்பாகங்களாக வாங்கிவிடுவது நல்லது. அவற்றுக்குத் தேவையான வெப்பப் பதப்படுத்தலும் துல்லியமும் வீட்டுப் பட்டறையில் எளிதில் கிடைப்பவை அல்ல. சட்டகம், சஸ்பென்ஷன் கைகள், ஷாக் தாங்கிகள், இன்ஜின் அடித்தகடு, உடல் தகடுகள் ஆகியவற்றை நீங்களே செய்யுங்கள். இந்த வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பவை அவைதான்.

எந்த உலோகக் குழாய் ஏற்றது?

முதல் வண்டிக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் சாதாரண மென்னெஃகுக் குழாயைச் சொல்வேன், அதிலும் தையல் (நீளவாக்கில் ஓடும் வெல்டிங் கோடு) இல்லாத குழாய் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த படியில் இருப்பது 4130 என்ற எண்ணால் அழைக்கப்படும் குரோமோலி எஃகு. குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த இந்த எஃகு மென்னெஃகைவிட அதிக விசையைத் தாங்கிய பிறகே நிரந்தரமாக வளையும். ஆனால் இரண்டின் விறைப்பும் ஏறத்தாழ ஒன்றே. அதாவது, அதே அளவுள்ள மென்னெஃகுச் சட்டகம் மிகையாக முறுக்கிக்கொள்கிறது என்றால் குரோமோலிக்கு மாறுவதால் அந்த முறுக்கல் குறையாது. விட்டத்தைக் கூட்டினாலோ குறுக்குக் குழாய் சேர்த்தாலோதான் குறையும்.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதை நாடுபவர்கள் பலர். அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை மறந்துவிடக்கூடாது. அதைவிடப் பெரிய சிக்கல் வெல்டிங்கில் இருக்கிறது. 6061-டி6 வகை அலுமினியம் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றது. பற்றவைத்ததும் மூட்டைச் சுற்றியுள்ள பகுதி அந்த வலிமையில் கிட்டத்தட்ட பாதியை இழந்துவிடுகிறது. முழுச் சட்டகத்தையும் உலையிலிட்டு மீண்டும் பதப்படுத்தும் வசதி இல்லாதவர்களுக்கு, வலிமை மிக அதிகம் தேவைப்படும் மூட்டிலேயே குழாய் பலவீனமாக நிற்கும். மேலும், எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட விசை எல்லைக்குக் கீழே எத்தனை முறை அதிர்ந்தாலும் சோர்வு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் விரிசல், விழாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. மேடுபள்ளங்களில் ஆயிரக்கணக்கான முறை அடிவாங்கும் வண்டிக்கு இது சிறிய விஷயம் அல்ல. துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகாக இருந்தாலும், வெப்பத்தில் சாதாரண எஃகைவிட அதிகம் விரிவதால் வெல்டிங்கின்போது கோணல் அதிகமாகிறது.

துத்தநாகம் பூசிய குழாயைத் தவிர்த்துவிடுங்கள். பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

விட்டமும் சுவர்த் தடிமனும் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஐந்தில் ஒரு பங்கு வண்டிக்கு முதன்மைக் குழாய்கள் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும், குறுக்குத் தாங்கல்கள் 8 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் என்பது நல்ல தொடக்கம். நான்கில் ஒரு பங்கு வண்டிக்கு முதன்மைக் குழாய்களை 12 மி.மீ. ஆக்கலாம்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு சுவையானது. 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 220 கிராம் எடையுள்ளது. அதே சுவர்த் தடிமனில் 12 மி.மீ. குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 270 கிராம். எடை 22 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்போ 1.8 மடங்காகிறது. இன்னொரு பக்கம், 10 மி.மீ. திடக் கம்பியின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 615 கிராம். அதில் பாதிக்கும் குறைவான எடையுள்ள 12 மி.மீ. குழாய் அந்தக் கம்பியைவிடச் சற்று அதிக விறைப்போடு நிற்கிறது. பொருளை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு அது உதவுகிறது என்பதே இதற்குக் காரணம். ஆகவே பலம் போதவில்லை என்று தோன்றினால் சுவரைத் தடிப்பாக்குவதற்கு முன் விட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

1 மி.மீ.க்குக் குறைந்த சுவர் எடையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பற்றவைக்கும்போது ஓட்டை விழுவதும், கல்லில் உரசும்போது குழிவதும் அதிகமாகும். ஐந்தில் ஒரு பங்கு சட்டகம் ஒன்றுக்கு 8 முதல் 10 மீட்டர் வரை குழாய் செலவாகும் என்று வைத்துக்கொண்டால் எஃகுச் சட்டகத்தின் எடை 2 கி.கி. அளவில் நிற்கும். 13 கி.கி. வண்டிக்கு அது நியாயமான பங்கு.

முழு அளவு பக்கியின் வரைபடத்தை அப்படியே ஐந்தில் ஒன்றாகச் சுருக்கினால் போதாதா?

தோற்றத்துக்குப் போதும், வேலைக்குப் போதாது. முழு அளவு பக்கிகளில் 38 மி.மீ. விட்டமும் 2.4 மி.மீ. சுவரும் கொண்ட குழாயைப் பரவலாகக் காணலாம். ஐந்தால் வகுத்தால் விட்டம் 7.6 மி.மீ., சுவர் 0.48 மி.மீ. விட்டம் நமக்குப் பழகிய அளவுக்கு அருகில் வருகிறது. சுவரோ தகரம்போல் ஆகிவிடுகிறது.

எடையும் அப்படியே சுருங்குவதில்லை. நீளம் ஐந்தில் ஒன்றானால் கன அளவு 125-இல் ஒன்றாகும். 700 கி.கி. பக்கியை அந்த விகிதத்தில் சுருக்கினால் 5.6 கி.கி. வரவேண்டும். நம் வண்டியோ 13 கி.கி.; அதாவது அளவுக்கு மிஞ்சிய கனம் உடையது. ஆனாலும் அதிலிருந்து நாம் எதிர்பார்ப்பது குறைவதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அது குதித்தால், முழு அளவு வண்டி ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பான காட்சி அது. சக்கரங்கள் 100 மி.மீ. தூரம் மேலெழும்பி அந்த விழுகையை முழுவதும் வாங்கிக்கொள்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், சராசரி விசை வண்டியின் எடையைப்போல் 11 மடங்கு, அதாவது ஏறத்தாழ 143 கி.கி. எடைக்குச் சமம். ஒரே சக்கரத்தில் இறங்கினால் அதில் பெரும்பகுதி ஒரே ஷாக்கின் மேல் முனை வழியாகச் சட்டகத்துக்குள் நுழைகிறது. அந்த முனை இரண்டு மூட்டுகளுக்கு நடுவே வெறும் குழாயின் மேல் அமர்ந்திருந்தால் அந்தக் குழாய் வளையத்தான் செய்யும்.

அப்படியானால் குழாய்களை எப்படி அடுக்க வேண்டும்?

குழாய் இழுவையையும் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் வளைக்கும் விசையை அந்த அளவுக்குத் தாங்காது. எனவே விசை உள்ளே வரும் ஒவ்வொரு புள்ளியும் குறைந்தது மூன்று குழாய்கள் சந்திக்கும் மூட்டாக இருக்க வேண்டும். ஷாக்கின் மேல் முனை, கீழ்க் கைகளின் பிணைப்பு, முன் மோதல் கம்பி ஆகிய மூன்றும் இதில் முதன்மையானவை. சதுரமாகவோ செவ்வகமாகவோ ஒரு திறப்பு தெரிந்தால் அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு குழாய் தேவை. முக்கோணம் மட்டுமே மூட்டுகள் நெகிழ்ந்தாலும் தன் வடிவத்தை விடாது.

மிகவும் கவனிக்கப்படாமல் போவது முறுக்கு விறைப்பு. மூடி இல்லாத அட்டைப்பெட்டியின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் திருகினால் அது எளிதில் கோணும். மூடியை ஒட்டிவிட்டால் கோணாது. பக்கியின் நடுப்பகுதியில் பேட்டரி, இன்ஜின் ஆகியவற்றை எடுத்துவைக்க மேல்பக்கம் திறந்தே இருப்பதால் அதே நிலை ஏற்படுகிறது. போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய ஒரு குறுக்குக் குழாயை மேலே வையுங்கள். அடியில் 2 அல்லது 3 மி.மீ. அலுமினியத் தகட்டைப் பல இடங்களில் போல்ட்டால் இறுக்கிப் பிணையுங்கள். அந்தத் தகடு கல்லைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, சட்டகத்தின் ஒரு பக்கத்தை மூடித் திருகலையும் தடுக்கிறது. சோதிப்பது எளிது: பின்பகுதியை மேசையில் இறுகப் பிடித்துக்கொண்டு, முன்பகுதியின் குறுக்கே ஒரு நீளக் கம்பியைக் கட்டி, அதன் ஒரு முனையில் எடை தொங்கவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். புள்ளிப் பற்றுகள் (மூட்டைத் தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங் புள்ளிகள்) மட்டும் போட்டிருக்கும் நிலையிலேயே சிறிய எடையால் இதைச் செய்தால் எந்தக் குழாய் உதவுகிறது, எது வெறும் சுமை என்பது கண்ணெதிரே தெரியும்.

இன்னொன்று: சட்டகம் கடைசியாக உடையும் பாகமாக இருக்க வேண்டும். மோதலில் முதலில் சஸ்பென்ஷன் கை வளையட்டும், அல்லது அதைப் பிடிக்கும் போல்ட் ஒடியட்டும். அவற்றை மாற்றச் சிறிது நேரம் போதும். கோணிய சட்டகத்தை நேராக்குவது பெரும் வேலை.

குழாயை நசுங்காமல் வளைப்பது எப்படி?

குழாயின் விட்டத்துக்குப் பொருத்தமான அரைவட்டப் பள்ளம் கொண்ட வளைப்பான் வேண்டும். வளைவின் ஆரம், குழாயின் மையக்கோட்டில் அளந்தால், விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்; 10 மி.மீ. குழாய்க்கு 30 மி.மீ. இதைவிட இறுக்கமாக வளைக்க வேண்டியிருந்தால் குழாயினுள் உலர்ந்த நுண்மணலை நன்றாகத் தட்டி நிரப்பி, இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு வளைக்கலாம். மணலில் ஈரம் இருந்து குழாயைச் சூடாக்கினால் நீராவி அடைப்பை வெடித்து எறியும். ஆகவே ஈரம் சிறிதும் கூடாது. தையல் உள்ள குழாயாக இருந்தால் தையல் வளைவின் உட்புறத்திலும் இல்லாமல் வெளிப்புறத்திலும் இல்லாமல் பக்கவாட்டில் வருமாறு திருப்பிவையுங்கள்.

30 மி.மீ. ஆரத்தில் 90 பாகை வளைவு ஏறத்தாழ 47 மி.மீ. குழாயை எடுத்துக்கொள்ளும். வெட்டும் நீளத்தைக் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாயும் விசையை எடுத்ததும் சிறிது பின்வாங்கும். அதே குழாயின் துண்டில் ஒரு முறை வளைத்துப் பார்த்தால் எத்தனை பாகை கூடுதலாக வளைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இடது, வலது குழாய்களை அடுத்தடுத்து வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டுவிட்டே அடுத்த குழாய்க்குப் போங்கள்.

மீன்வாய் வெட்டு அவசியமா?

அவசியம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வட்டத்தில் இடைவெளியின்றி அமர்வதற்காக முனையை மீனின் வாய்போல் குடைந்தெடுப்பதே இந்த வெட்டு. 10 மி.மீ. குழாய்க்கு 10 மி.மீ. உருண்டை அரம் ஒன்றே போதும். பொறுமையாக அராவி, மூட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் வெல்டிங்கின்போது ஓட்டை விழும், அல்லது அந்த இடத்தை நிரப்பப் போட்ட கூடுதல் வெப்பம் குழாயை இழுத்துக் கோணலாக்கும். வெல்டிங்கின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

டிக், மிக், பிரேசிங்: எது சிறந்தது?

1 மி.மீ. சுவருக்கு, டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்பொறியால் பற்றவைக்கும் டிக் வெல்டிங்தான் மிகச் சிறந்தது. 1.6 மி.மீ. டங்ஸ்டன், தூய ஆர்கான் வாயு, 35 முதல் 40 ஆம்பியர் வரை மின்னோட்டம் என்று தொடங்கி, கால் மிதியால் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். கம்பி தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்காலும் முடியும். 0.6 மி.மீ. கம்பியைப் போட்டு, தொடர்ச்சியாக ஓட்டாமல் சிறுசிறு புள்ளிகளாக வைத்துக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் மூட்டு தடித்தும் கனமாகவும் வரும்.

வெல்டிங் இயந்திரம் இல்லாதவர்களுக்குப் பித்தளைப் பிரேசிங் முழுமையான மாற்று. ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் பித்தளைக் கம்பி உருகி மூட்டைச் சுற்றி வழவழப்பான சரிவாக அமர்கிறது, எஃகு உருகுவதில்லை. எஃகு மிதிவண்டிச் சட்டகங்கள் பல நெடுங்காலமாக இப்படி இணைக்கப்பட்டு வந்துள்ளன. வெள்ளி கலந்த பிரேசிங் கம்பி இன்னும் குறைந்த வெப்பத்தில் உருகும். ஆனால் அதற்கு மூட்டின் இடைவெளி 0.1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குழாய் மேல் குழாய் முட்டும் மூட்டுகளைவிட, ஒன்றினுள் ஒன்று செருகும் மூட்டுகளுக்கே அது ஏற்றது. காட்மியம் கலந்த பழைய வகைக் கம்பிகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அவற்றின் புகை உயிருக்கே ஆபத்தானது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் குழாயைத் துடைத்துவிட்டுப் பற்றவைப்பதும் அதே அளவு கொடியது, ஏனெனில் வெல்டிங் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறக்கூடும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்து ஆவி அடங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

குரோமோலி மூட்டைப் பற்றவைத்ததும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். காற்றில் தானாக ஆறட்டும்.

பற்றவைத்ததும் சட்டகம் கோணிக்கொள்கிறது. என்ன செய்வது?

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, தன் பக்கமாகக் குழாயை இழுக்கும். இதை முழுவதும் தடுக்க முடியாது, சமப்படுத்தத்தான் முடியும். தடித்த எஃகுத் தகட்டின்மேல், அல்லது அது இல்லாவிட்டால் தட்டையான கனத்த பலகையின்மேல், மையக்கோட்டை வரைந்து, சஸ்பென்ஷன் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்கி அமைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கைகளைப் பிடிக்கும் அதே தடிமனுள்ள கம்பியை அந்தப் புள்ளிகளின் ஊடே செருகி வைத்தால் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். முழுச் சட்டகத்தையும் புள்ளிப் பற்றுகளால் சேர்த்து, குறுக்குமூலை அளவுகளை இருபுறமும் ஒப்பிட்ட பிறகே முழுப் பற்று வையுங்கள். இடப்பக்கம் ஒரு மூட்டு, வலப்பக்கம் அதற்கு இணையான மூட்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். பலகையின்மேல் முழுப் பற்று வைத்தால் தீப்பிடிக்கும்; அந்தக் கட்டத்தில் சட்டகத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

எல்லாப் பக்கமும் அடைபட்ட குழாயில் உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து, கடைசி மூட்டை மூடும் நேரத்தில் உருகிய உலோகத்தை வெளியே தள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டுவைத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

ஸ்பிரிங் வலிமையைக் கணக்கிட எளிய வழி உண்டா?

உண்டு. கரடுமுரடான நிலத்துக்கான முழு அளவு வண்டியின் உடல் நொடிக்கு ஏறத்தாழ 1.2 முறை மேலும் கீழும் ஆடுவதாகக் கொள்வோம். நீளம் ஐந்தில் ஒன்றாகும்போது அதே இயல்பான தோற்றம் கிடைக்க ஆட்டம் ஐந்தின் வர்க்கமூலமான 2.24 மடங்காக வேண்டும். அதாவது நொடிக்கு 2.7 முறை. பின் மூலை ஒன்றின்மேல் ஸ்பிரிங் தாங்கும் எடை 3.2 கி.கி. என்றால், சக்கரத்தில் தேவைப்படும் விறைப்பு மி.மீ.க்கு ஏறத்தாழ 0.92 நியூட்டன். ஷாக் கையின் நடுவே பொருத்தப்பட்டிருப்பதால் சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஷாக் 6 மி.மீ. மட்டுமே நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.92-ஐ 0.6-இன் வர்க்கமான 0.36-ஆல் வகுக்க வேண்டும். விடை மி.மீ.க்கு 2.6 நியூட்டன் அளவில் வரும். இந்த ஸ்பிரிங்கோடு வண்டி தரையில் நிற்கும்போது சக்கரம் 34 மி.மீ. உள்வாங்கும்; மொத்த நகர்வு 100 மி.மீ. என்றால் அது மூன்றில் ஒரு பங்கு, பள்ளத்தில் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடரப் போதுமான அளவு. இது தொடக்கம் மட்டுமே. ஸ்பிரிங்கை முடிவுசெய்த பிறகு ஷாக்கினுள் இருக்கும் சிலிக்கோன் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் உடல் ஒரே முறை எழுந்து அடங்கினால் சரியான இடத்துக்கு அருகில் வந்துவிட்டீர்கள்.

முன்சக்கரங்கள் மேலும் கீழும் நகரும்போது தாமாகவே திரும்பினால் வண்டி மேட்டில் நேராக ஓடாது. ஸ்டியரிங் கம்பியின் இரு முனைகளும், மேல் கை, கீழ் கை ஆகியவற்றின் பிணைப்புப் புள்ளிகளை இணைக்கும் கோடுகளின்மேல் அமைந்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கும். குழாய்த் தாங்கியை நிரந்தரமாகப் பற்றவைப்பதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் தூக்கி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜினா, மின்மோட்டாரா?

இரண்டும் நன்றாகவே ஓடும். சட்டகத்திடம் இரண்டும் கேட்பவை வேறு. 23 முதல் 32 சி.சி. வரையிலான இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் இந்த அளவுக்குப் பழகியவை. புல்வெட்டும் இயந்திரங்களில் இருப்பதும் இதே குடும்பம்தான். எண்ணெய்க் கலவை 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்; இன்ஜின் தயாரிப்பாளர் வேறு விகிதம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். காற்று வடிகட்டியின் பஞ்சை எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து போடாமல் புழுதியில் ஓட்டினால் பிஸ்டன் விரைவில் தேய்ந்துவிடும்.

குழாய்ச் சட்டகத்தில் இன்ஜினை வைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. இன்ஜினைச் சில குழாய்களிலும் கியர் பெட்டியை வேறு சில குழாய்களிலும் தனித்தனியே பொருத்தினால், சட்டகம் வளையும் ஒவ்வொரு முறையும் சிறு கியருக்கும் பெரிய கியருக்கும் இடையிலான தூரம் மாறும். பற்கள் மழுங்கிக்கொண்டே போகும். 4 அல்லது 5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அந்தத் தகட்டைச் சட்டகத்தோடு போல்ட் போட்டு இணையுங்கள். மோட்டாருக்கும் இதுவே விதி.

மின்சாரத்தில் எட்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி பரவலான தேர்வு, பெயரளவில் 29.6 வோல்ட், முழுவதும் ஏற்றியபின் 33.6 வோல்ட். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். நாள்கணக்கில் வைத்திருக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அருகிலேயே இருக்க வேண்டும். பேட்டரிப் பெட்டியைச் சுற்றி வளைந்து உள்ளே குத்தக்கூடிய குழாய்முனையோ தாங்கியோ இருக்கக் கூடாது. ஒயர்கள் குழாயைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் உறை வேண்டும். அதிர்வில் உறை தேய்ந்து செம்பு வெளித்தெரிந்தால் முழுச் சட்டகமும் மின்கடத்தியாகிவிடும்.

கியர் விகிதத்தை எப்படித் தீர்மானிப்பது?

170 மி.மீ. விட்டமுள்ள டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 534 மி.மீ. நகரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு அது நிமிடத்துக்கு 1,870 முறை சுழல வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் நல்ல திறன் தருகிறது என்றால் மொத்த விகிதம் 8-க்கு 1. மென்மையான மணலில் ஓட்டுபவர்கள் இதைவிடச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது.

ரேடியோவும் சர்வோவும் உலோகக் கூண்டுக்குள் ஒழுங்காக வேலை செய்யுமா?

ஆன்டெனா கூண்டுக்குள் மடங்கிக் கிடந்தால் செய்யாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; ரிசீவர் ஒயரின் நுனியில் உறை நீக்கப்பட்டிருக்கும் ஏறத்தாழ 31 மி.மீ. பகுதிதான் உண்மையான ஆன்டெனா. அந்தப் பகுதி மட்டும் ஒரு பிளாஸ்டிக் குழல் வழியாகக் கூண்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் மின்தடை உள்ள ஸ்பார்க் பிளக்கைப் போட்டு, ரிசீவரை இக்னிஷன் காயிலிலிருந்து இயன்றவரை தள்ளி வையுங்கள். ஸ்டியரிங்குக்கு 30 முதல் 40 கி.கி.-செ.மீ. திருப்புவிசை உள்ள, உலோகப் பல் கொண்ட சர்வோ தேவை. அதற்கும் ஸ்டியரிங் கம்பிக்கும் நடுவே அடியை வாங்கிக்கொள்ளும் சர்வோ சேவர் இல்லாமல் ஓட்டக் கூடாது.

பாதுகாப்புக்கு எதைக் கட்டாயம் செய்ய வேண்டும்?

13 கி.கி. வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமக்கும் ஆற்றல், அதே வண்டியை 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் கிடைக்கும் ஆற்றலுக்குச் சமம். அது ஒரு குழந்தையின் மீது மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாகப் பிரேக் பிடிக்கும்படி அமைத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். ஆனால் ரிசீவர் பேட்டரியே தீர்ந்துவிட்டால் அந்த ஏற்பாடு பயன்படாது. ஆகவே பெட்ரோல் வண்டியில் மின்சாரம் போனதும் இக்னிஷனைத் தானே துண்டிக்கும் தனிச் சாதனமும், கார்புரேட்டரை மூடிவிடும் திருப்பு ஸ்பிரிங்கும் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்முனைகள் அனைத்தையும் மூடிப் பற்றவைத்து, கூர்மையில்லாமல் உருண்டையாக அராவிவிடுங்கள். பார்வையாளர்கள் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும்; ஓட்டும் பகுதியில் யாரும் வேண்டாம்.

பெயின்ட்டா, பவுடர் கோட்டிங்கா?

முதல் சில ஓட்டங்கள் முடியும்வரை மெல்லிய பிரைமர் மட்டும் போதும். பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் தடித்தது. அதற்கு அடியில் விழும் நுண்விரிசலை மறைத்துவிடும், போல்ட் துளைகளையும் அடைத்துவிடும். வெளிர் நிறத்தில் மெல்லிய பெயின்ட் அடித்தால் விரிசல் ஒரு துருக்கோடாகச் சீக்கிரமே தெரியும். நான் எப்போதும் வெளிர் சாம்பலையே தேர்ந்தெடுக்கிறேன்.

ஓட்டிய பிறகு எவற்றைப் பார்க்க வேண்டும்?

வண்டியைக் கழுவி உலர்த்திவிட்டு ஷாக்கின் மேல் மூட்டுகளிலிருந்து தொடங்குங்கள். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் நடுவில் வராது. வெல்டிங் முடிந்து வெறும் குழாய் தொடங்கும் விளிம்பில் வரும். அங்கே கோடு தெரிந்தால், அதன்மேல் இன்னொரு பற்று வைத்து மூடிவிடாதீர்கள். விரிசலின் நுனிவரை அரைத்தெடுத்து நிரப்பிப் பற்றவைத்து, அந்த மூட்டின் மூலையில் 2 மி.மீ. தகட்டால் ஒரு முக்கோணத் தாங்கல் வையுங்கள். ஒரே இடம் மீண்டும் பிளந்தால் அங்கே ஒரு குழாய் குறைகிறது என்று பொருள். எந்தத் திசையில் விசை வருகிறது என்பதை அந்த விரிசலின் வாய் திறக்கும் பக்கத்தைப் பார்த்து அறியலாம். பிறகு இன்ஜின் தகட்டின் போல்ட்டுகள், சைலன்சர் போல்ட்டுகள், சக்கர நட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்து, தளர்ந்தவற்றைக் கழற்றி, எண்ணெய் நீக்கி, திருகுப் பசை தடவி மீண்டும் போடுங்கள்.